நீல இலைகளை எழுதியவன்

பெரிய இங்கிலீஷ் அகராதி ஒன்றை எடுத்து ‘புலிகாட்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ‘வர்ணக் கைக்குட்டை’ என்று அதற்குப் பொருள் போட்டிருக்கும். மலாய் தேசத்துக்குப் போனவர்கள் இன்னொன்றைக் கேட்டிருப்பார்கள். அங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். ‘காயின்’ என்றால் துணி. ‘பெலிக்கட்’ என்றால்? அதுவும் புலிகாட்தான். இரண்டும் நம்முடைய பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். உப்பேரியும், பூநாரைகளும், இறாலும் நண்டும் என்றுதான் அதை நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில் காரில் போய் மீன் வாங்கி வருகிறவர்கள் அதற்கு மேல் எதையும் விசாரிப்பதில்லை. நானும் அவர்களைக் குறை சொல்லப் போவதில்லை. அந்த ஊர் மீன் அப்படிப்பட்டது. ஆனால் மீனுக்காக அல்ல, துணிக்காகத்தான் உலகம் ஒரு காலத்தில் அந்த ஊரைத் தேடி வந்தது. அதிலும் நெய்த துணியைவிட எழுதிய துணிக்காக.

‘எழுதிய’ என்று யோசித்துத்தான் சொல்கிறேன். சித்திரம் எழுதுவது என்பதுதானே நம்முடைய பழைய வழக்கு. மூங்கில் குச்சியில் ரோமமோ பஞ்சோ சுற்றி, சாயத்தில் தோய்த்து, விரலால் அழுத்தி அழுத்திச் சாயத்தை இறக்கிக் கோடு இழுத்துத் துணியில் பூவும் கொடியும் மரமும் பட்சியும் எழுதினார்கள். அச்சு இல்லை, கை மட்டும்தான். இன்று ‘கலம்காரி’ என்கிறோம். ‘சீட்டித் துணி’ என்று நம் பாட்டிமார் சொன்னதும், ‘சின்ட்ஸ்’ என்று வெள்ளைக்காரன் சொன்னதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். போர்த்துக்கீசியர் இதைப் ‘பிண்டாடோ’ என்றார்கள். அதாவது, எழுதப்பட்டது.

ஓர் ஓவியரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதென்றால் வழக்கமாக என்ன செய்வோம்? பிறந்த ஊர், குருநாதர் பெயர், பட்ட வறுமை, கிடைத்த பரிசு, படங்களில் உள்ள மரத்துக்கும் பறவைக்கும் என்ன உட்பொருள் என்று வரிசையாகச் சொல்வோம். நான் எழுத வந்த ஓவியனுக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. பெயர்கூடக் கிடையாது. கையெழுத்துப் போடாத ஓவியர்கள் உலகத்தில் எங்கும் உண்டு. ருஷ்யாவில் தேவாலயங்களுக்குத் திருவுருவப் படம் எழுதியவர்கள் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனாலும் ஆந்திரேய் ருப்ளேவ் என்ற ஒரு பெயராவது அந்த நாட்டுக்கு மிஞ்சியது. நமக்கு அந்த ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் என்று எழுதுகிறேன், அவளாகவும் இருக்கலாம். வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும் நடந்த தொழிலில் பெண்கள் கை படாமலா இருந்திருக்கும்?

1516-ஆம் ஆண்டையொட்டித் தம் பிரயாண நூலை எழுதிய துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர் பழவேற்காட்டைக் குறிப்பிடுகிறார். கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலம் அது. அங்கே வர்ணத் துணிகள் ஏராளமாகத் தயாராகின்றன என்றும், மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் அவற்றுக்கு நல்ல விலை என்றும் அவர் சொல்கிறார். ஆகவே, இந்தத் தொழிலை வெள்ளைக்காரர்கள் வந்து உண்டாக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் அவர்கள் வந்து இறங்கினார்கள், அவ்வளவுதான்.

டச்சுக்காரர்கள் வந்ததும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும்தான். அவை விளைந்தது கிழக்கே வெகு தூரத்தில், மொலுக்காஸ், பாண்டா தீவுகளில். அந்தத் தீவு ஜனங்களிடம் வெள்ளிக் காசை நீட்டினால் அவர்கள் அவ்வளவு மயங்கவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. துணி இல்லாவிட்டால் கிராம்பு இல்லை. இந்தக் கணக்குப் புரிந்ததும் டச்சுக்காரர்கள் இங்கே ஓடிவந்தார்கள். விஜயநகரத்து வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை போட்டார்கள். 1612-இல் மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் வந்து அதை நாசம் செய்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஒரு கோட்டை எழுந்தது. தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் ‘கெல்டிரியா’ என்று பெயர் வைத்தார். சோழமண்டலக் கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடது கை என்று அந்த நாளில் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற டச்சு அதிகாரி வர்ணித்தார். நல்ல உவமைதான். ஆனால் அந்தக் கைக்கு விரல்கள் இருந்தன என்பதை அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த விரல்கள் என்ன செய்தன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் துணியை வெளுக்க வேண்டும். சாணம் கலந்த நீரில் ஊறப் போட்டு, அடித்துத் துவைத்து, வெயிலில் விரித்து, மறுபடி நனைத்து, இப்படிப் பல நாள். பிறகு கடுக்காயை இடித்து எருமைப் பாலில் கலந்து அதில் துணியை முக்கி எடுப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். எழுதிய கோடு எழுதிய இடத்திலேயே நிற்க வேண்டுமே! இந்த இரசாயனத்தை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? தாத்தாவும் பாட்டியும்தான். காய்ந்த துணியை மரக்கட்டையால் தட்டித் தட்டி வழவழப்பாக்குவார்கள். மாதிரிப் படத்தின் கோடுகள் நெடுகக் காகிதத்தில் ஊசித் துளை போட்டு, துணி மேல் வைத்து, கரித்தூள் முடிப்பால் ஒற்றி எடுத்தால், புள்ளி புள்ளியாய்ச் சித்திரம் விழும். நம் வீட்டு வாசலில் கோலப்புள்ளி விழுவது போலத்தான்.

பிறகு கோடு. பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிட்ட ஒரு கஷாயம் உண்டு. பார்வைக்கு மங்கலான தண்ணீர். அதைத் தொட்டுக் கடுக்காய் ஏறிய துணியில் இழுத்தால், இழுத்த இடம் கறுக்கும். சிவப்புக்கு உரிய இடங்களில் படிக்காரக் கரைசல். அடுத்தது நீலம். எந்தெந்த இடத்தில் நீலம் வேண்டாமோ அந்த இடமெல்லாம் மெழுகால் மூட வேண்டும். பத்து முழத் துணியில் ஓர் இலை நீலமாக வேண்டும் என்றால், இலையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் மூட வேண்டும்! பிறகு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். அது வேறொருவர் தொழில். நீலம் போடுகிறவர் தனி, எழுதுகிறவர் தனி. மெழுகைக் கொதிநீரில் கழற்றி, துணியை மறுபடி வெளுத்து, மறுபடி கடுக்காயும் பாலும். மறுபடி படிக்காரம், அடர்த்தியாக ஓர் இடத்தில், நீர்க்க ஓர் இடத்தில். பிறகு சாயவேர்.

சாயவேரை இம்பூறல் என்றும் சொல்வார்கள். கரையோர மணலில் வளரும் சிறு செடி. செடி ஒரு சாண் உயரம் இருக்கும். வேரோ மணலுக்குள் வெகு ஆழம் போகும். அந்த வேர்ப்பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது. அதைப் போட்டுக் கொதிக்க வைத்த பானையில் துணியை இறக்கினால் முழுத் துணியும் சிவந்து போகும். பார்க்கிறவனுக்கு வேலை எல்லாம் பாழாய்ப் போயிற்று என்று தோன்றும். எழுதியவனுக்குத் தெரியும். சாணத்திலும் வெயிலிலும் தண்ணீரிலும் மீண்டும் மீண்டும் போட்டால், படிக்காரம் பட்ட இடத்துச் சிவப்பு மட்டும் நிற்கும். மற்ற இடத்துச் சிவப்பெல்லாம் தானே கழன்று போகும். அடர்த்தியாகப் பூசிய இடம் இரத்தச் சிவப்பு. நீர்க்கப் பூசிய இடம் ரோஜா நிறம். ஒரே பானையில் இத்தனை வர்ணம்!

கடைசியில் மஞ்சள். இலை பச்சையாக வேண்டுமானால் நீலத்தின் மேல் மஞ்சளைத் தடவ வேண்டும். பச்சைக்குத் தனிச் சாயம் அவர்களிடம் இல்லை. கடுக்காய்ப் பூ போன்றவற்றைக் காய்ச்சி எடுத்த அந்த மஞ்சள்தான் இந்த வித்தையிலேயே பலவீனமான இடம். நீலம் நிற்கும், சிவப்பு நிற்கும். மஞ்சள் வெயிலுக்கும் துவைப்புக்கும் தாங்காது. அதனால்தான் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்காட்சிச் சாலைகளில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சோழமண்டலத் துணிகளில் மரங்களின் இலைகள் பெரும்பாலும் நீலமாக இருக்கின்றன. இதைப் பார்த்து, கீழ்த்திசை ஓவியன் கனவுலகத்து மரத்தை எழுதினான், நீலம் என்பது ஆகாயத்தின் குறியீடு என்றெல்லாம் பேசுகிறவர்கள் உண்டு. அவன் எழுதியது பச்சை இலை. மூன்று நூற்றாண்டு வெயில் அதை நீலமாக்கிற்று.

இந்த வேலையின் நிதானத்தைப் பார்த்து அசந்து போன டச்சுக்காரர் ஒருவர் இருந்தார். தானியேல் ஹாவர்ட் என்று பெயர். சோழமண்டலக் கரையில் தம் நாட்டாரின் உயர்வையும் வீழ்ச்சியையும் பற்றி 1693-இல் புத்தகம் போட்டவர். கோதாவரிப் பக்கத்துப் பாலகொல்லுவில் துணி எழுதுகிறவர்களைப் பார்த்துவிட்டு, நத்தை நகர்வது போல அவர்கள் வேலை நகர்கிறது என்றும், பொறுமை என்ற குணத்துக்கு ஓர் உருவம் வரைய விரும்புகிறவன் அந்த எழுத்துக்காரனையே வைத்து வரைந்துவிடலாம் என்றும் எழுதினார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் பொறுமை, நம்பிக்கை, நீதி முதலிய குணங்களைப் பெண் உருவங்களாக எழுதுவது ஒரு மோஸ்தர். நம்முடைய எழுத்துக்காரன் அந்த வரிசையில் குறியீடாகப் போய் உட்கார்ந்துவிட்டான்! ஆனால் அவன் பொறுமையாக உட்கார்ந்திருந்தது சுபாவத்தினால் மட்டுமா? முன்பணம் வாங்கியாகிவிட்டது. துணி முடிந்தால்தான் மீதி.

முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குத் துணி பிடித்துக் கொடுத்த பெரிய தரகர் அச்சுதப்பச் செட்டி. அவர்கள் ‘மலையா’ என்று அழைத்தார்கள். 1634-இல் அவர் காலமான பிறகு தம்பி சின்னண்ணச் செட்டி அந்த இடத்துக்கு வந்தார். இருவரும் சொந்தக் கப்பல் விட்டவர்கள். ராஜாக்களோடு பேரம் பேசியவர்கள். கம்பெனியின் தஸ்தாவேஜுகளில் அவர்கள் பெயர் அடிக்கடி வருகிறது. அதே தஸ்தாவேஜுகளில் எழுத்துக்காரன் ஓர் எண்ணிக்கையாக வருகிறான். இத்தனை கட்டுத் துணி, இன்ன தரம், இன்ன விலை.

அவன் என்ன எழுதினான் என்பதையும் பார்க்கலாம். ஒவ்வொரு சந்தைக்கும் ஒவ்வொரு ருசி. கிழக்குத் தீவுகளுக்குப் போன துணியில் சிவப்பு நிறைந்திருக்கும். ஐரோப்பாவுக்கோ வெள்ளைத் தரை வேண்டும். 1643-லேயே இங்கிலீஷ் கம்பெனியின் லண்டன் முதலாளிகள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், சிவப்புத் தரை இங்கே பிடிக்கவில்லை, வெள்ளைத் தரையில் வர்ணக் கொடிகளாக அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து மாதிரிப் படங்களும் வந்தன. சீனத்துப் பாறையும், பாரசீகத்துப் பூவும், டச்சுக்காரன் அனுப்பிய இலைச் சுருளும் எல்லாம் இவன் கையில் வந்து சேர்ந்தன. அவற்றை எல்லாம் கலந்து அவன் எழுதியதுதான் புகழ் பெற்ற அந்த ஒற்றை மரம். அடியில் ஒரு குன்று. குன்றின் உச்சியிலிருந்து வளைந்து நெளிந்து மேலே போகும் ஒரு மரம். ஒரே மரத்தில் நூறு வகைப் பூ. ஆராய்ச்சிக்காரர்கள் இதை ‘ஜீவ விருட்சம்’ என்கிறார்கள்.

அந்த மரத்தின் வர்ணப் பிரதிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். கோட்டை இருந்த இடம் இன்று முள்ளும் புதரும் அடர்ந்த ஒரு மேடு. சுற்றிலும் அகழியின் அடையாளம். பக்கத்து மீனவக் கிராமத்தின் பெயர் மட்டும் கோட்டைக்குப்பம் என்று நிலைத்துவிட்டது. கெல்டிரியாவைச் சரித்திர மாணவர்கள்கூட மறந்துவிட்டார்கள். குப்பத்து ஜனங்கள் தினமும் அதைச் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

கரையில் வலை சீராக்கிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் படங்களை வாங்கிப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மரத்தை விட்டுவிட்டு அடியிலிருந்த குன்றையே வெகு நேரம் பார்த்தார். அந்தக் குன்றுகளை, வளைவு வளைவாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கித்தான் எழுதியிருப்பார்கள்.

“இது மலையா சார்? செதிள் மாதிரி இல்ல இருக்கு!” என்றார்.

“சீனத்துப் பாறை என்று சொல்லுகிறார்கள் ஐயா” என்றேன்.

“சொல்லட்டும், சொல்லட்டும். கொடுவா மீனைக் கிட்ட வச்சுப் பாருங்க, இப்படித்தான் இருக்கும்.”

சீனமோ, பாரசீகமோ, மாதிரிக் காகிதம் எங்கிருந்து வந்திருந்தாலும், எழுதிய கை இந்த ஏரிக் கரையில் தினம் மீன் செதிளைப் பார்த்த கை. பெரியவர் சொன்னதை நான் ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குன்றை என்னால் வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை.

இலை ஏன் நீலமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “மஞ்சள் நிக்காது சார்” என்றார். நைலான் வருவதற்கு முன் அவர் வீட்டில் பருத்தி நூல் வலைதான். உப்புத் தண்ணீரில் நூல் மக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையை ஊற வைப்பார்களாம். ஊற வைக்கிற நாளில் குப்பம் முழுவதும் ஒரு நெடி அடிக்குமாம். கடுக்காயிலும் பனிச்சங்காயிலும் இருப்பது ஒரே துவர்ப்பு. துணிக்காரனும் வலைக்காரனும் அவ்வளவு தூரத்து உறவல்ல.

இன்னொரு வார்த்தையும் அவரிடம் தெரிந்துகொண்டேன். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு இந்தக் குப்பங்களில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். தன் முறை வந்தவன் தன் பாட்டில் போய் வலை கட்டுவான். முறை இல்லாதவன் அன்று அந்த இடத்துக்குப் போகக் கூடாது. நமக்குப் பாடு என்றால் கஷ்டம். அவர்களுக்கு அது பங்கு. ஏரியில் ஒருவனுக்கு உள்ள உரிமையை அவன் பெயரோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள எழுத்தும் தஸ்தாவேஜும் வேண்டியிருக்கவில்லை. எழுத்துக்காரனுக்கு அப்படி ஒரு பாடு யாரும் வைக்கவில்லை.

ஊருக்குள்ளேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். வாசலின் இரு பக்கமும் இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றின் பக்கத்தில் தூண் மேல் மணல் கடிகாரம். இன்னொன்றினிடம் ஒரு மண்டை ஓடு. காலம் போகிறது, நீயும் போவாய் என்று உள்ளே வருகிறவனுக்குச் சொல்லும் குறியீடுகள். உள்ளே போனால் பெரிய பெரிய கற்பலகைகள். குடும்ப முத்திரைகள், கவசத் தலைகள், இலைச் சுருள்கள், ஆழமாகக் கொத்திய டச்சு எழுத்துக்கள். இன்னார், இன்ன பதவி, பிறந்தது இன்று, இறந்தது இன்று. அவர்கள் மனைவிமார் பெயரும் இருக்கிறது; குழந்தைகள் பெயரும் இருக்கிறது. இந்தப் பெயர்களைப் பார்த்து நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஊர் பேர் தெரியாத கடற்கரையில், காய்ச்சலில் செத்துப் போன சின்னக் குழந்தையின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த தகப்பனை என்னவென்று ஏளனம் செய்வது? ஆனால் அந்தக் கல்லுக்குக் கொடுத்த காசும், கோட்டைக்குக் கொடுத்த காசும் எந்தத் துணியில் வந்த காசு என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இவ்வளவு துணி எழுதியவர்கள் எங்கே போனார்கள்?

சில பேர் எங்கே போனார்கள் என்று தெரியும். பாண்டா தீவுகளை 1621-இல் டச்சுக் கம்பெனி பிடித்தபோது அங்கிருந்த ஜனங்களில் பெரும் பகுதியினர் கொல்லப்பட்டோ, பட்டினியாலோ, நாடு கடத்தப்பட்டோ அழிந்தார்கள். ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். படேவியா நகரத்துக்கும் ஆள் வேண்டும். அதே சமயத்தில் சோழமண்டலக் கரையில் பஞ்சம். பசித்தவன் பிள்ளையை விற்றான்; பிறகு தன்னை விற்றான். பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,900 பேர் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். துணி போன கடல் வழியில்தான் அவர்களும் போனார்கள். நெய்தவனும் எழுதியவனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்று நம்புவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. பஞ்சத்தில் முதலில் நின்று போவது நல்ல துணி வாங்குவதுதான்.

அதற்குப் பிறகு 1646. கோல்கொண்டாவின் படை இந்தப் பக்கத்தைப் பிடித்த ஆண்டு. கூடவே மழையும் பொய்த்தது. 1647 தொடக்கத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து இங்கிலீஷ்காரர்கள் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அந்தப் பஞ்சத்தில் பழவேற்காட்டில் மட்டும் 15,000 பேர் செத்ததாக அது கணக்குச் சொல்கிறது. நெய்பவர், எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோரில் முன்பு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்கூட மிஞ்சவில்லை என்கிறது. சரக்கு ஏன் குறைந்தது என்று முதலாளிகளுக்குச் சமாதானம் சொல்வதற்காக எழுதிய வரி அது. அந்த ஓவியர்களுக்கு எழுதப்பட்ட இரங்கலுரை என்று ஏதாவது உண்டென்றால் அதுதான்.

மிஞ்சியவர்கள் எழுதிக் கொண்டுதான் இருந்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் முதலில் பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகானில் 1626-இல் இடம் பிடித்து, பிறகு 1639-இல் சென்னப்பட்டினத்துக்கு வந்ததற்கும் துணிதான் முக்கியமான தூண்டில். இங்கே நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்றுதான் பிரான்சிஸ் டே முதலாளிகளுக்கு ஆசை காட்டினார். வண்ணாரப்பேட்டை என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அங்கே துணி வெளுத்தவர்கள் கம்பெனித் துணி வெளுத்தவர்கள். சென்னை வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. டச்சுக்காரர்கள் 1690-இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பிறகு பழவேற்காடு இங்கிலீஷ்காரர் கைக்கும் டச்சுக்காரர் கைக்குமாக மாறி மாறிப் போய், 1825-இல் ஒரேயடியாக இங்கிலீஷ்காரர்களிடம் வந்து சேர்ந்தது.

அதற்குள் ஐரோப்பாவில் விஷயம் வேறு விதமாகிவிட்டது. இந்தச் சீட்டி வந்து எங்கள் நெசவாளிகள் வயிற்றில் அடிக்கிறது என்று பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது. தடை போட்டால் மோகம் கூடும் என்பது உலக நியதி. சீமாட்டிகள் திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். தடை போட்ட தேசங்களே வித்தையைக் கற்றுக்கொள்ளவும் ஆள் அனுப்பின. 1734-ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரியில் போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி ஓர் எழுத்துக்காரனைத் தம் கண் முன்னால் ஒரு துணியை எழுதச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் குறிப்போடு இன்னும் பாரிஸில் இருக்கின்றன. 1742-இல் கூர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், மதம் மாறிய எழுத்துக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்து, முழுச் செய்முறையையும் கடிதமாகத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். கடுக்காய், எருமைப்பால், மெழுகு, சாயவேர் எல்லாம் அதில் இருக்கின்றன. சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர் மறுபடியும் இல்லை. பிறகு செப்பு உருளையில் அச்சடிக்கும் யந்திரம் வந்தது. 1869-இல் சிவப்பையே ஆலையில் தயாரிக்கும் வழியும் வந்தது. மணலில் சாயவேர் தோண்டியவனுக்கும் வேலை போயிற்று.

துணிகள் பிழைத்திருக்கின்றன. நியூயார்க்கின் புரூக்ளின் கண்காட்சிச் சாலையில் ஏழு பகுதிகளாக ஒரு பெரிய திரை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையில் எழுதியது. மாடமும் வளைவுமாக மாளிகைகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தேசத்து மனிதர்கள். தொப்பி வைத்த ஐரோப்பியர்களையும் அந்த ஓவியன் விட்டுவைக்கவில்லை. இது எந்த ஊரில் எழுதியது என்று பண்டிதர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். பழவேற்காட்டுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எங்கே எழுதியிருந்தாலும், இரண்டு பக்கமும் பார்க்கத் தெரிந்தவன் எழுதியது அது. வாங்க வந்தவன் இவனைப் பொறுமைக்குக் குறியீடாகப் பார்த்தான் என்றால், இவனும் வந்தவனை உட்கார வைத்து எழுதியிருக்கிறான்.

சுலவேசித் தீவில் தொராஜா என்ற மலை ஜனங்கள், இந்தியாவிலிருந்து வந்த பழைய துணிகளைக் குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி, சடங்கு நாட்களில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அவற்றுக்குத் தெய்வ சக்தி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. மிளகுக்கும் கிராம்புக்கும் விலையாகப் போன துணி, அங்கே விலை இல்லாத பொருளாக உட்கார்ந்திருக்கிறது.

பழவேற்காட்டில் இன்று துணி எழுதுகிறவர் யாரும் இல்லை. பனை ஓலையில் அழகான பெட்டி முடைகிற முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். எழுத்தைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே காளஹஸ்திக்குப் போக வேண்டும். அங்கேயும் அணைந்து போக இருந்த தொழிலுக்கு 1950-களின் கடைசியில், கமலாதேவி சட்டோபாத்யாய எடுத்துக்கொண்ட முயற்சியால், அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அந்த ஊர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். துணி எழுதுகிற ஒருவருடைய பெயர் ஒருவழியாக அரசாங்கக் காகிதத்தில் ஏறியது.

அங்கே ஒரு வீட்டில் சிறிய துணி ஒன்று வாங்கினேன். ஒற்றை மரம், இரண்டு மயில், நல்ல பச்சை இலை. எழுதியவர் அந்த வீட்டு அம்மாள்தான். ஓரத்தில் தெலுங்கில் பெயர் போட்டிருந்தார். பச்சை எதனால் என்று கேட்டேன்.

“நீலத்து மேலே கடுக்காய்ப் பூ மஞ்சள்” என்றார், துணியை மடித்துக்கொண்டே. “வெயில்லே மட்டும் மாட்டாதீங்க.”